மாட்டுக் கொம்பா, கடல் கொம்பா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில், தன் ஆயுளில் பெங்களூருக்கு அப்பால் ஒரு வேளை கூடச் சாப்பிட்டறியாத என் மருமகன் (தங்கை பிள்ளை, நல்ல பையன்தான், அதில் குறையொன்றும் இல்லை) போகிற போக்கில் ஓர் அபிப்பிராயத்தை உதிர்த்துவிட்டுப் போனான்.

"இப்பதான் போன் கேமராவக் காட்டுனா எந்த ஊரு மெனுவும் தமிழ்ல வந்துருதே மாமா. வெளிநாட்டுல சாப்புடுறதெல்லாம் ஒரு பிரச்சினையா?"

போன நவம்பரில் பதினோரு நாட்கள் ஜப்பான் தேசத்தில் அத்தானும் நானும் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்த அலைச்சலையெல்லாம் இரண்டு கட்டைவிரல்களால் துடைத்தெறிந்துவிட்ட அந்த வாக்கியத்துக்குக் குழுவிலேயே பதில் எழுதினால் நீண்டுவிடும் என்பதாலும், நீண்டுவிட்டால் அங்கே ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்பது அனுபவத்தில் கண்ட உண்மையாதலாலும், இங்கே வந்து எழுதுகிறேன்.

முதலில் அத்தானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அக்காளின் கணவர். வயது எழுபத்தொன்று. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். 1964 அக்டோபர் 1ஆம் தேதி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே முதல் ஷின்கான்சென் ரயில் ஓடத் தொடங்கிய சமாசாரத்தை, தம் வீட்டில் நடந்த கல்யாணத் தேதியைச் சொல்வது போல, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருப்பவர். அந்த ரயிலில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் போதும் என்பது அவருடைய நெடுநாள் அபிலாஷை. மற்றபடி திருநெல்வேலிச் சைவர். முட்டை போட்ட கேக்கைக் கூடத் தள்ளி வைத்து உட்காருகிற ரகம். நானும் சைவம்தான், ஆனால் கேக் பக்கத்தில் இருந்தால் எழுந்து போகமாட்டேன்.

ஒசாகாவில் இறங்கிய அன்று மாலையே பசியோடு ஒரு கடைக்குள் நுழைந்தோம். ஸ்டேஷனை ஒட்டி, நின்றுகொண்டே சாப்பிடுகிற நூடுல்ஸ் கடை. வாசலில் ஓர் யந்திரம். அதன் உடம்பெல்லாம் பொத்தான்கள். காசைப் போட்டு, வேண்டியதை அமுக்கினால், கீழே ஒரு சீட்டு விழும். அந்தச் சீட்டைச் சமையற்காரரிடம் நீட்டினால் ஆகாரம் வரும். சர்வரோடு பேச வேண்டிய அவசியமே இல்லாத இந்த ஏற்பாட்டைக் கண்டதும், பாஷை தெரியாத யாத்திரிகனுக்காகவே எந்தப் புண்ணியவானோ இதைச் சிருஷ்டித்திருக்கிறான் என்று நான் சந்தோஷப்பட்டேன். (படக்கூடாது.)

மருமகன் சொன்னபடியே கைபேசியைக் காட்டினேன். நான்கு பொத்தான்கள் தமிழில் வந்தன. ஒன்று "நரி". ஒன்று "பெற்றோர் பிள்ளை கிண்ணம்". ஒன்றுக்கு மொழிபெயர்ப்பு என்று வந்ததைப் படித்தால் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. நான்காவது, "பெரிய பரிமாறல்". விலை நூறு யென். ஜப்பானில் ஃபுல் மீல்ஸ் நூறு யென்தான் போலிருக்கிறது, ஊரில் சொல்லிப் பயமுறுத்தினார்களே என்று வியந்துகொண்டு, இரண்டு தரம் அமுக்கி, இரண்டு சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

சமையற்காரர் சீட்டுகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் சீட்டுகளைப் பார்த்தார். பிறகு, ஒரு தத்துவ விசாரத்தில் ஆழ்ந்தவரைப் போலச் சற்று நேரம் கூரையை நோக்கினார். விஷயம் என்னவென்றால், அது சாப்பாட்டின் பெயரே இல்லை. ஏதாவது ஒரு சாப்பாட்டை வாங்கி, அதை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போடச் சொல்வதற்கான உபரிச் சீட்டு. எதுவுமே வாங்காமல், அந்த எதுவுமில்லாததை அதிகமாகப் போடும்படி நாங்கள் இருவர் வந்து நின்றுகொண்டிருந்தோம். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நூறு யென் நாணயங்களை எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டி, குனிந்து வணங்கித் திருப்பித் தந்தார். அத்தானும் பதிலுக்குக் குனிந்தார்.

கைபேசி பொய் சொல்லவில்லை என்பதை மருமகன் கவனிக்க வேண்டும். "பெரிய பரிமாறல்" சரியான மொழிபெயர்ப்பு. "நரி"யும் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அந்த நரி நூடுல்ஸில் நரி இல்லை. பொரித்த டோஃபு இருக்கிறது. இனாரி என்ற தெய்வத்துக்கு ஏவலாளாக இருக்கிற நரிக்குப் பொரித்த டோஃபு என்றால் உயிர் என்பது அந்த நாட்டு ஐதிகமாம். "பெற்றோர் பிள்ளை" என்று நெஞ்சை உருக்குகிற பெயரைக் கொண்ட கிண்ணத்தில், சோற்றின் மேல் கோழியையும் அதன் முட்டையையும் ஒன்றாக வேகவைத்துப் போட்டிருக்கிறார்கள். வெள்ளரிக்காயை மட்டும் உள்ளே வைத்துச் சுருட்டிய சுஷிக்குக் கப்பா என்ற நீர்ப்பூதத்தின் பெயர். அந்தப் பூதத்துக்கு வெள்ளரி பிடிக்குமாம். ஆக, பெயரில் பிராணியோ பூதமோ இருந்தால் தட்டில் தாவரம். பெயரில் பாசம் இருந்தால் தட்டில் பிராணி. இந்தச் சூத்திரத்தை நானே கண்டுபிடித்து அத்தானிடம் சொன்னபோது அவர், "அப்ப நம்மூருல 'தலைக்கறி'ன்னு போர்டு போட்டா உள்ள கீரையா இருக்கும்னு நினைச்சுப் போயிருவான், பாவம்" என்றார்.

யந்திரத்தில் தோற்றுப்போன பிறகு, கண்ணாடிப் பெட்டியை நம்பினோம்.

அங்கே பல ஓட்டல்களின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே அந்த ஓட்டலின் பதார்த்தங்கள் அத்தனையும், ஆவி பறக்காத குறையாக, பொம்மைகளாக வீற்றிருக்கும். தகிஸோ இவசாகி என்பவர் 1932இல் ஒசாகாவில் இதை ஒரு தொழிலாகவே தொடங்கினார். முதலில் மெழுகில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். அவருடைய சொந்த ஊரான குஜோ ஹாச்சிமானில் இன்றைக்கும் இந்தப் பொம்மைச் சமையல்தான் பேர்பெற்ற தொழில். மனைவி செய்த ஆம்லெட்டைப் பார்த்து அவர் மெழுகில் ஒன்று செய்து காட்ட, எது நிஜமானது என்று அந்த அம்மாளுக்கே தெரியவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். (நம் வீடுகளில் இந்தப் பரீட்சையை யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

அத்தான் இந்தப் பெட்டியை உபயோகித்த விதமே தனி. உள்ளே போய், பரிமாறுகிற பெண்ணை "அம்மா, கொஞ்சம் இங்க வாங்க" என்று நெல்லைத் தமிழிலேயே அழைத்து, வாசலுக்குக் கூட்டிவந்து, கண்ணாடியின் மேல் விரலை வைத்து, "கோரே ஒ குதசாய்" என்பார். விமானத்தில் மனப்பாடம் செய்த ஒரே வாக்கியம். "இதைத் தாருங்கள்" என்று அர்த்தம். கோரே என்றால் இது; ஒ என்பது நம் இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' செய்கிற வேலையைச் செய்கிறது; குதசாய் என்றால் தாருங்கள். வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வந்து உட்காருகிறது. கேள்வி கேட்க வேண்டுமானால் நாம் 'ஆ' சேர்ப்பது போல அவர்கள் வாக்கியத்தின் வாலில் 'கா' சேர்க்கிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று வருஷக்கணக்காக வாதித்தார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அத்தான் ஒப்புக்கொண்டுவிட்டார். "வரிசை மாறாம அப்படியே நம்ம பாசை வே" என்பது அவருடைய தீர்ப்பு.

அந்த விரல் காட்டிய பதார்த்தம் ஸாரு சோபா. மூங்கில் தட்டில் குளிர்ந்த நூடுல்ஸ், பக்கத்தில் சிறு கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சாறு. தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். இறைச்சித் துண்டு கிடையாது, மீன் துண்டு கிடையாது, முட்டை கிடையாது. சாறு அபார ருசி. மூன்று நாள், இரண்டு வேளையும் அதையே சாப்பிட்டோம். அத்தான் கிண்ணத்தில் மிச்சமிருந்த சாற்றையும், கடைக்காரர்கள் ஊற்றித் தந்த வெந்நீரைக் கலந்து, ரசம் குடிப்பது போலக் குடித்தார்.

நான்காம் நாள் வந்தது வினை.

ஒகோனோமியாக்கி என்பது ஒசாகாவின் விசேஷப் பண்டம். "உன் விருப்பம்போல்" என்று பெயருக்கு அர்த்தம். கைபேசி அதை முட்டைக்கோஸ் அடை என்று வர்ணித்ததால் ஆசையோடு போய் உட்கார்ந்தோம். மேஜையிலேயே இரும்புக் கல். பக்கத்து மேஜைக்காரரின் அடை வெந்து முடிந்ததும், அதன் மேல் பரிமாறுகிற பையன் ஒரு கைப்பிடி மரச்சீவலைத் தூவினான். தச்சன் இழைப்புளியில் சீவியது போல, மெல்லிய, இளஞ்சிவப்பான சுருள்கள். சூட்டில் அவை உயிருள்ளவை போல நெளிந்து ஆடத் தொடங்கின. அத்தான் பரவசமாகப் பார்த்தார். அடுத்த கணம் அந்த வாசனை எங்கள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அவர் முகம் மாறிற்று.

"வே… இது மாசியில்லா!"

மாசியேதான். தூத்துக்குடிப் பக்கம் போனவர்களுக்கும் இலங்கைச் சம்பல் சாப்பிட்டவர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. சூரை மீனை வேகவைத்து, உலர்த்தி, கட்டை போல ஆக்கிய சரக்கு. தூத்துக்குடியில் ஏழு வருஷம் உத்தியோகம் பார்த்தவரின் மூக்கை ஏமாற்ற முடியுமா? ஜப்பானியர்கள் அதே ஜாதி மீனை வேகவைத்து, புகை போட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, பூஞ்சை கூடப் பிடிக்கவிட்டு, விறகை விடக் கெட்டியாக்கி, சீவி எடுக்கிறார்கள். கட்சுவோபுஷி என்று பெயர். "உன் விருப்பம்போல்" கடையிலிருந்து எங்கள் விருப்பப்படி எழுந்து வந்துவிட்டோம்.

அன்றிரவு, தங்கியிருந்த விடுதியில் வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் (கொஞ்சம் ஆங்கிலம் அறிந்தவள்) இந்தச் சம்பவத்தைச் சொன்னபோது, அவள் மிகுந்த பணிவோடும் வருத்தத்தோடும் எங்கள் சந்தேகங்களை ஒவ்வொன்றாக நிவர்த்தி செய்யத் தொடங்கினாள். அந்தச் சீவலைக் கொதிநீரில் போட்டு வடிகட்டிய சாற்றுக்கு தாஷி என்று பெயராம். மிசோ சூப்பில் அதுதான். நரி நூடுல்ஸ் மிதப்பது அதில்தான். வெந்த கீரையின் மேல் ஊற்றுவதும் அதுதான்.

"ஸாரு சோபா?" என்று கேட்டேன், பதில் தெரிந்துகொண்டே.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அறைக்கு வந்ததும் அத்தான் ஒன்றும் பேசவில்லை. கால் கழுவிக்கொண்டு வந்து, திருநீறு பூசிக்கொண்டு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, "மூணு நாளு… வெந்நி ஊத்திக் குடிச்சேனே வே" என்றார். அன்று எங்களுக்கு ஆகாரம் கடையில் வாங்கிய வெறும் சோறும், அக்காள் கட்டிக் கொடுத்திருந்த பருப்புப்பொடியும்.

இப்போது யோசித்தால், அங்கே யாரும் எங்களை ஏமாற்றவில்லை. "நிகு நாஷி", அதாவது இறைச்சி வேண்டாம், என்று நான் ஒவ்வொரு கடையிலும் சொல்லித்தான் இருந்தேன். அவர்களும் நேர்மையாகத் தலையாட்டித்தான் இருந்தார்கள். நிகு என்ற சொல்லுக்குள் மீன் அடங்காது. 675ஆம் ஆண்டிலேயே தென்மு என்ற சக்கரவர்த்தி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணக்கூடாது என்று ஆக்ஞை பிறப்பித்தபோதும் அந்தப் பட்டியலில் மீன் இல்லை. மீனே கணக்கில் வராதபோது, மீன் போட்டு எடுத்துவிட்ட தண்ணீர் எந்தக் கணக்கில் வரும்?

நாம் மட்டும் என்ன யோக்கியம்? சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் கம்பெனிக்கு வந்த ஒரு ஜப்பானிய இன்ஜினீயரைச் சென்னையில் டிபனுக்கு அழைத்துப் போய், "இவருக்குக் காரம் ஆகாது, காரமே இல்லாம ஏதாவது குடுங்க" என்று நான் தெளிந்த தமிழில் சொன்னதற்கு, சர்வர் சிரத்தையோடு வெண்பொங்கலைக் கொண்டுவந்து வைத்தார். அந்த மனிதர் ஒரு முழு மிளகைக் கடித்துவிட்டுக் கண்ணீர் விட்டார். சர்வரை நான் கோபித்துக்கொண்டபோது அவர் நிஜமாகவே திகைத்து, "இதுல காரமே கிடையாதே சார், மிளகுதான் போட்டிருக்கு" என்றார். அந்த சர்வரையும் எந்தக் கேமராவிலும் மொழிபெயர்க்க முடியாது.

மறுநாள் காலை வரவேற்பு மேஜைப் பெண் ஓர் அட்டையில் அழகான எழுத்தில் எல்லாவற்றையும் எழுதித் தந்தாள்: இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி, எதுவும் ஆகாது என்று. அதைக் கொண்டுபோய் ஒரு கடையில் நீட்டினோம். கடைக்காரர் படித்தார். பல்லிடுக்கில் "ஸ்ஸ்" என்று மூச்சை இழுத்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். "சொத்தோ…" என்றார். நிறுத்திவிட்டார்.

சொத்தோ என்றால் "கொஞ்சம்" என்று அர்த்தம் எனக்குத் தெரியும். கொஞ்சம் என்ன? கொஞ்சம் பொறுங்கள் என்கிறாரா? உட்கார்ந்து காத்திருந்தோம். அவரும் அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் சமைக்கட்டும் என்று நாங்களும், நாங்கள் கிளம்பட்டும் என்று அவரும், ஏறக்குறையப் பத்து நிமிஷம் ஒருவரையொருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். "முடியாது" என்ற கடுஞ்சொல்லை வாயால் சொல்ல மனம் வராமல், அந்த நாட்டார் "கொஞ்சம்" என்று மட்டும் சொல்லி மிச்சத்தை நம் புத்திக்கு விட்டுவிடுகிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கியோட்டோவில்தான் விடிவு பிறந்தது. ஒரு சந்துக்குள், ஆறு பேர் உட்காரக்கூடிய சிறு கடை. எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத ஓர் அம்மாள், தனியாகச் சமைத்துத் தனியாகப் பரிமாறுகிறவர். அட்டையை மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். "ஆ… ஷோஜின்!" என்றார். பிறகு அத்தானைப் பார்த்து முகம் மலர்ந்து, "கொம்பு! கொம்பு!" என்றார்.

அத்தான் எழுந்துவிட்டார்.

"கொம்பா? எந்த மாட்டுக் கொம்புன்னு கேளும்வே! வேண்டாம்னு சொல்லும்!"

நான் பதறிப்போய்க் கையை ஆட்ட, அந்த அம்மாள் திடுக்கிட்டு, உள்ளே ஓடி, ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து திறந்தார். பச்சையும் கறுப்புமாக, பழைய பெல்ட்டைப் போன்ற ஒரு வஸ்து. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. கடற்பாசி. அதற்குத்தான் அவர்கள் பாஷையில் கொம்பு. ஒரு துணுக்கைக் கிள்ளி அத்தானின் உள்ளங்கையில் வைத்தார். அத்தான் முதலில் முகர்ந்து பார்த்தார் (மாசிக்குப் பிறகு அவர் எதையும் முகராமல் தொடுவதில்லை), பிறகு வாயில் போட்டுக்கொண்டார். "செடிதான்" என்றார், நீதிபதியைப் போல.

மண்சட்டியில் தண்ணீர், அடியில் ஒரு துண்டு கொம்பு, மேலே வெண்ணெய்க் கட்டி போல டோஃபு; இளஞ்சூட்டில் வைத்து எங்கள் முன்னே இறக்கினார். யுதோஃபு என்று பெயர். கூடவே வெள்ளைச் சோறு, உப்பில் ஊறிய கத்திரிக்காய். தொட்டுக்கொள்ள சோயா சாஸ் மட்டும். அதையும் பாட்டிலோடு கொண்டுவந்து அத்தானின் மூக்குக்குக் காட்டிவிட்டுத்தான் ஊற்றினார்.

இதே கியோட்டோவில் பிறந்து டோக்கியோ சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியராக இருந்த கிகுனே இகெடா, கொம்புச் சாற்றில் உள்ள ருசி இனிப்புமல்ல, புளிப்புமல்ல, உப்புமல்ல, கசப்புமல்ல, அப்படியானால் வேறு என்ன என்று ஆராய்ந்து, 1908இல் அதிலிருந்து குளுடமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று நாமகரணம் செய்தார். அடுத்த வருஷமே அது பொடியாகக் கடைக்கு வந்தது. அந்தப் பொடியை உங்களுக்கு நன்றாகத் தெரியும்; நம்மூர் ஃப்ரைடு ரைஸ் வண்டிகளில் கரண்டியால் அள்ளிப் போடுகிறார்களே, அந்த அஜினோமோட்டோதான். அதைக் கேட்டதும் அத்தான், "அப்ப இந்தக் கொம்புதான் அதுக்குப் பாட்டன்" என்று சொல்லிச் சட்டியின் அடியில் கிடந்த பாசியையும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

அந்த அம்மாள் சொன்ன ஷோஜின் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, கடைசி இரண்டு நாட்கள் கோயாசானுக்குப் போனோம். மலை மேல் மடங்கள், மடங்களிலேயே தங்கலாம். ஒசாகாவிலிருந்து ரயில், பிறகு செங்குத்தான மலையில் இழுவை ரயில் (அத்தானுக்கு ஷின்கான்சென்னை விட இதுதான் பிடித்தது, கம்பியையும் கப்பியையும் பார்க்க இறங்கி நின்றுவிட்டார்). மடத்துச் சாப்பாட்டின் பெயர் ஷோஜின் ரியோரி. இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கூடக் கிடையாது. எள்ளை அரைத்துக் கிளறிய கோமாதோஃபு, அந்த மலையின் பெயரையே தாங்கிய காய்ந்த டோஃபு, கொம்புச் சாற்றில் சூப். ஷோஜின் என்பது வீர்யம் என்ற சமஸ்கிருத பதத்துக்குப் பௌத்தர்கள் செய்த பெயர்ப்பு என்று மடத்து ஆங்கிலக் கையேட்டில் போட்டிருந்ததைப் படித்துச் சொன்னேன். அதாவது, விடாமுயற்சியோடு தர்மத்தில் நிற்பது.

"நாம மட்டும் என்ன, காய்கறிச் சாப்பாடுன்னா சொல்லுதோம்? சைவம்னுதான சொல்லுதோம்" என்றார் அத்தான். "இத முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா இந்த போனு!"

கைபேசிக்குச் "சைவம்" என்று சொன்னால் "பெஜிதாரியன்" என்று இங்கிலீஷையே ஜப்பானிய எழுத்தில் எழுதிக் காட்டும். அதைப் படித்தவர்கள் எல்லோரும் புன்னகையோடு, மேலே மாசி தூவிய காய்கறியைக் கொண்டுவந்து வைப்பார்கள். (அதற்காக ஷோஜின் என்றதும் எல்லாக் கடையிலும் இலை போட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் போய்விடாதீர்கள். பெரும்பாலும் "சொத்தோ"தான். ஆனால் எதற்குச் சொத்தோ என்பது இரு தரப்புக்கும் விளங்கிவிடும்.)

ஊர் திரும்பிய மறுநாள் காலை, திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, அத்தானின் வழக்கமான ஓட்டலுக்குப் போனோம். பதினோரு நாள் கழித்து, தமிழில் கேட்டு, தமிழில் வாங்கி, தமிழில் சாப்பிடப்போகிற ஆனந்தத்தில் அத்தான் இலையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து, "என்ன இருக்கு தம்பி?" என்றார். சர்வர் பையன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில், "இட்லிவடபொங்கல்பூரிகிழங்குரவாதோசநெய்ரோஸ்ட்ஆனியன்ஊத்தப்பம்…" என்று ஆரம்பித்து, எங்கே முடித்தான் என்று தெரியாமலே முடித்துவிட்டு நின்றான்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். எனக்கும் விளங்கவில்லை.

பக்கத்து மேஜையில் ஒருவர் எதையோ சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தான் அந்தத் தட்டை நோக்கி விரலை நீட்டினார்.

"கோரே ஒ குதசாய்."

"ரெண்டா சார்?" என்றான் பையன்.